ஆய்வுக்கூடத்துச் சரக்கு கடைத்தெருவுக்கு வரும் வழி

ஓட்டுச் சாவடியிலிருந்து வெளியே வரும்போது நம் இடது கை விரலில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். சோப்புப் போட்டாலும் சீயக்காய் போட்டாலும் பல நாட்களுக்குப் போகாது. அந்த மை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் உருவாக்கியது. அதில் உள்ள வெள்ளி நைட்ரேட் என்ற உப்பு வெளிச்சம் பட்டவுடன் கறுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து அதைத் தயாரித்துத் தருவது மைசூரில் உள்ள ஒரு பெயிண்டுத் தொழிற்சாலை. 1937-ல் மைசூர் மகாராஜா காலத்தில் அரக்கு வேலைக்காகத் தொடங்கப்பட்டு, பிறகு கர்நாடக அரசின் நிறுவனமாக ஆனது. இன்று அதன் மை இருபதுக்கும் மேற்பட்ட வெளிநாடுகளின் தேர்தல்களுக்கும் போகிறது.

டெல்லியில் இருந்த விஞ்ஞானிக்கு மைசூர்ப் பெயிண்டுக் கம்பெனியைத் தெரிந்திருக்க வழியில்லை. கம்பெனிக்காரர்களுக்கும் அந்த ஆய்வுக்கூடத்தின் வாசற்படி தெரிந்திருக்காது. இருவரையும் இணைத்தது மூன்றாவது ஓர் அமைப்பு. அதன் பெயர் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம். 1953 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கியது. ஆய்வுக்கூடங்களில் கண்டுபிடிக்கப்பட்டவற்றைப் பதிவு செய்து, தொழில் செய்ய முன்வருவோருக்கு உரிமம் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கை வாங்கிக் கண்டுபிடித்த இடத்துக்குச் சேர்ப்பது அதன் வேலை. நம் பாஷையில் சொன்னால் கமிஷன் மண்டி. விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிறார், வாங்குபவர் வருகிறார், இருவருக்கும் நடுவில் நின்று தரம் பார்த்து, விலை பேசி, பணத்துக்குப் பொறுப்பேற்பவர் மண்டிக்காரர். அப்படி ஒருவர் இல்லாமல் போளூர்ச் சந்தையில் ஒரு மூட்டை மணிலாகூட கைமாறாது. ஆராய்ச்சியும் அப்படித்தான்.

இதை நம் சங்க இதழில் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். விஞ்ஞானம் படித்தவர்கள் பாடு, முதலீடு பெரிய பணக்காரர்கள் பாடு, மளிகைக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். நாங்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் நம் கடையில் எடை போடும் அரிசியை எடுத்துக்கொண்டாலே கதை வேறாக இருக்கிறது.

நெல் அவித்த கதை

ஆரணியைச் சுற்றி அரிசி ஆலைகள் நிறைந்திருப்பதை நாம் அறிவோம். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆலைத் தெருவில் நடந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும், அந்த நாற்றம். புழுங்கலரிசிக்கு நெல்லைச் சிமெண்டுத் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள், சில இடங்களில் மூன்று நாள் ஊற வைப்பார்கள். ஊறும்போதே தண்ணீர் புளித்துவிடும். பிறகு ஆவி கொடுத்துக் களத்தில் காயப்போடுவார்கள். அரிசியில் அந்தப் புளித்த வாசனை தங்கிவிடும், நிறமும் மங்கும். அதற்கென்று விலை குறைத்துக் கேட்கும் வாடிக்கைக்காரர்களும் இருந்தார்கள்.

மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன், 1902-ல் பிறந்தவர். அங்கே கண்ட முறை கேட்பதற்கு மிக எளிமையானது. பச்சைத் தண்ணீருக்குப் பதிலாக வெந்நீரில் ஊறப் போடுவது. நெல்லைப் போட்ட பிறகு தண்ணீர் ஏறக்குறைய 70 டிகிரி சூட்டில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறிவிடும், புளிக்க நேரமே இருக்காது. பிறகு தண்ணீரை வடித்துவிட்டு அதே தொட்டியில் ஆவி கொடுக்கலாம். மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது.

அதே நிலையத்தார் காயவைப்பதிலும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவித்த நெல் ஒரே மூச்சில் காய்ந்தால் அரிசி உடைகிறது. உடைவது முழுக்கக் கடைசிக் கட்டத்தில்தான். ஈரம் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு வரும்போது உலர்த்துவதை நிறுத்தி, குவித்துச் சில மணி நேரம் வைத்திருந்து, மறுபடி உலர்த்தினால் நொய் வெகுவாகக் குறைகிறது. முழு அரிசிக்கும் நொய்க்கும் விலை வித்தியாசம் என்ன என்பதை நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு லாபம் தரும் செய்தி காதில் விழுந்ததும் ஆலைக்காரர்கள் ஓடிவந்து வாங்கினார்களா என்றால் இல்லை. வெந்நீருக்குக் கொதிகலன் வேண்டும், குழாய் வேண்டும், தொட்டியை மாற்றிக் கட்ட வேண்டும். பணம் முதலில் போகும், லாபம் பிறகு வரும். அந்தப் பிறகு என்றைக்கு என்று யாரும் எழுதித் தரவில்லை. விஞ்ஞானி காட்டியது ஆய்வுக்கூடத்தில் சிறிய அளவில் செய்த பரிசோதனை. ஆலைக்காரர் போட வேண்டியது டன் கணக்கில் நெல். நடுவில் உள்ள இந்த இடைவெளிதான் விஷயமே. விஞ்ஞானிக்கு வரும் அரசுப் பணம் கண்டுபிடிப்பதோடு தீர்ந்துவிடுகிறது. வியாபாரியின் பணம் விற்கும் சரக்கைக் கண்ட பிறகே வெளியே வருகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சில வருடங்களுக்கு ஊரில் யாரும் படியளப்பதில்லை. எத்தனையோ நல்ல கண்டுபிடிப்புகள் அங்கேதான் மடிகின்றன.

டாக்டர் சுப்பிரமணியன் இதைப் புரிந்துகொண்டவர் என்றே நாங்கள் நினைக்கிறோம். மைசூரில் பதவிக் காலம் முடிந்த பிறகு அவர் ஓய்வாக உட்காரவில்லை. 1967-ல் தஞ்சை வட்டாரத்தில் அறுவடை நேரத்தில் பெய்த மழையில் ஈர நெல் ஏராளமாகக் கெட்டது. அப்போது திருவாரூரில் இருந்த தஞ்சை கூட்டுறவு விற்பனைக் கூட்டமைப்பின் நவீன அரிசி ஆலையிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தை அவர் தொடங்கினார். ஆலைக்காரரை ஆய்வுக்கூடத்துக்கு அழைப்பதை விட்டு, ஆய்வுக்கூடத்தை ஆலைக்குள் கொண்டுபோய் வைத்தார். 1972-ல் அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமானது, பிறகு தஞ்சாவூருக்கு மாறியது. பெயர் பலமுறை மாறி, 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் என்று வழங்குகிறது. நம்மவர் வாயில் நுழைகிற பெயராக ஒன்றை அவர்கள் வைத்திருக்கலாம்.

அந்த நிறுவனத்தில் இன்னொரு வசதி உண்டு. இயந்திரம் வாங்கப் பணமில்லாதவர்கள் அங்கே உள்ள இயந்திரங்களைக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தித் தங்கள் சரக்கைச் செய்து பார்க்கலாம். சரக்கைப் பரிசோதித்துச் சான்று வாங்கவும் கூடம் இருக்கிறது. நடு இடைவெளியைக் கடக்க இது ஒரு சிறு பாலம்.

எருமைப் பால் மாவு

மைசூர் நிலையத்தின் இன்னொரு சரக்கை நாம் டப்பா டப்பாவாக விற்றிருக்கிறோம். குழந்தைகளுக்கான பால் மாவு வெகுகாலம் பசும்பாலில் செய்து வெளிநாட்டிலிருந்து வந்தது. நம் நாட்டில் கிடைப்பதோ பெரும்பாலும் எருமைப் பால். அதில் கொழுப்பு அதிகம், குழந்தையின் வயிற்றில் தயிர்க்கட்டி போல் கெட்டியாகிச் செரிக்காது. எருமைப் பாலை மாவாக்கவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், குஜராத்தின் ஆனந்தில் கெயிரா கூட்டுறவுச் சங்கம் அதைச் செய்து காட்டியது. 1955-ல் அந்தத் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். குழந்தைக்கு ஏற்றபடி எருமைப் பாலைப் பக்குவப்படுத்தும் முறையை மைசூர் விஞ்ஞானிகள் வகுத்தார்கள். அதை வாங்கிப் பெரிய அளவில் செய்து அமுல் என்ற பெயரில் விற்றது அந்தச் சங்கம்.

இங்கே முதலீட்டாளர் யார் என்று கவனிக்க வேண்டும். தினமும் காலையில் ஒரு படி, இரண்டு படி என்று பால் ஊற்றிய குடியானவர்கள். தனித்தனியே எந்தக் குடியானவராலும் மைசூருக்குப் போய் உரிமம் வாங்க முடியாது. சேர்ந்தார்கள், வாங்கினார்கள். நம் சங்கத்தில் உள்ள உறுப்பினர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் என்ன தொகை வரும் என்று இதைப் படிப்பவர்கள் மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் சொந்த அனுபவம் ஒன்று

நாங்களும் ஒருமுறை இந்த ஆற்றில் இறங்கி நனைந்தவர்கள்தான். பல வருடங்களுக்கு முன் நடந்தது. ஆலையில் நெல்லைத் தீட்டும்போது வரும் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஆனால் தீட்டிய சில மணி நேரத்திலேயே தவிட்டில் உள்ள ஒரு நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் பிழியும் ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அமிலம் ஏறி விலை போகாது. பச்சரிசித் தவிட்டில் இந்தத் தொல்லை மிக அதிகம். புழுங்கல் தவிட்டில் ஆவி பட்டு அந்த நொதி அடங்கிவிடுவதால் தொல்லை குறைவு. ஒருவர் வந்தார், தவிடு கெடாமல் இருக்க ஒரு பொடி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். ஒரு மூட்டையில் கலந்து எங்கள் கண் முன்னாலேயே வைத்தார். பத்து நாள் கழித்து முகர்ந்து பார்த்தோம், வாசனை இல்லை. நாங்களும் இரண்டு பங்காளிகளும் சேர்ந்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தோம். அன்றைய நாற்பதாயிரம்.

அவர் மோசடிக்காரர் என்று இன்றுவரை நாங்கள் சொல்லமாட்டோம். அவர் அந்தப் பொடியை நம்பினார். ஆனால் மூட்டையை வைத்துப் பார்த்தது மார்கழிக் குளிரில், லாரியில் ஏற்றியது சித்திரை வெயிலில். ஒரு மூட்டையில் சீராகக் கலந்த பொடி, நூறு மூட்டையில் எங்கோ அதிகமாகவும் எங்கோ இல்லாமலும் போயிற்று. லாரி அப்படியே மாட்டுத் தீவன விலைக்குப் போனது. கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் எங்களிடம் இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. முகர்ந்து பார்த்ததற்குப் பதிலாக ஒரு பரிசோதனைக் கூடத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டி அமில அளவைப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, வீட்டில் உள்ளவர்களுக்கு வருவதில்லை.

பிற நாட்டில் ஒரு பேப்பர் வியாபாரி

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். நாம் தாலுகா ஆபீஸ் எதிரில் எடுக்கும் ஜெராக்ஸ் நகலைக் கண்டுபிடித்தவர் செஸ்டர் கார்ல்சன். 1938-ல் செய்து காட்டினார். இருபதுக்கும் மேற்பட்ட பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 1944-ல் பட்டேல் என்ற ஆராய்ச்சி நிலையம் (நம் குஜராத்திப் பட்டேல் அல்ல) அதை மேம்படுத்த ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஹலாய்டு என்ற, போட்டோ பேப்பர் விற்கும் சிறிய கம்பெனி உரிமம் வாங்கியது. 1959-ல்தான் கடைகளுக்கு ஏற்ற இயந்திரம் வந்தது. கண்டுபிடித்து 21 வருடம். ஹலாய்டுதான் பிறகு ஜெராக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெரிய கம்பெனிகளுக்குக் கண் தெரியாத இடத்தில் ஒரு பேப்பர் வியாபாரிக்குக் கண் தெரிந்தது. தன் பழைய சரக்கு எத்தனை நாளைக்கு ஓடும் என்ற பயம் உள்ளவனுக்குத்தான் புதுச் சரக்கு கண்ணில் படும்போலும்.

நம் மாநிலத்தில் இன்று

திருச்சி வட்டாரப் பொறியியல் கல்லூரியில் 1986-லேயே தொழில்முனைவோர் பூங்கா ஒன்று தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யை ஒட்டி 2010-ல் ஆராய்ச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே கம்பெனிகளும் பேராசிரியர்களும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள், காபி குடிக்கும் இடத்தில்கூடச் சந்தித்துக்கொள்கிறார்கள். இதை முன்னின்று செய்தவர் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அதற்கு முன் 1990-களில் அவருடைய குழுவும், அவரோடு இருந்தவர்கள் நடத்திய மிடாஸ் என்ற கம்பெனியும் சேர்ந்து, செம்புக் கம்பி இழுக்காமல் வீட்டுக்கு டெலிபோன் கொடுக்கும் கார்டெக்ட் என்ற முறையை உருவாக்கினார்கள். தொழில்நுட்பம் நன்றாகவே வேலை செய்தது, இணைப்புச் செலவும் குறைந்தது. ஆனால் சில வருடங்களுக்குள் செல்போன் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. விஞ்ஞானி தவறு செய்யவில்லை, முதலீட்டாளரும் தவறு செய்யவில்லை, சந்தை வேறு பக்கம் திரும்பிவிட்டது. இதுவும் நடக்கும் என்று தெரிந்தவர்தான் இதில் பணம் போட வேண்டும்.

அதே ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரண்டு இளைஞர்கள் 2013-ல் ஏத்தர் என்ற பெயரில் மின்சார ஸ்கூட்டர் கம்பெனி தொடங்கினார்கள். கல்லூரி வளாகத்திலேயே இடம் கொடுத்தார்கள். முதலில் கிடைத்தது சிறு தொகைதான். பிறகு தனி நபர்கள், பிறகு வெளிநாட்டு நிதி, 2016-ல் ஹீரோ மோட்டோகார்ப் என்று படிப்படியாகப் பணம் வந்தது. முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018-ல். ஐந்து வருடம் ஒரு வண்டிகூட விற்காமல் செலவு மட்டும். இன்று ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது, 2025 மே மாதம் பங்குச் சந்தைக்கும் வந்தது. நம் கடையில் ஐந்து வருடம் கல்லா திறக்காமல் வாடகை கொடுக்க முடியுமா? முடியாது. அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு வகைப் பணம் வருகிறது. நஷ்டமானாலும் தாங்கும் பணம் முன்னால் வருகிறது, வட்டி கணக்குப் பார்க்கும் வங்கிப் பணம் கடைசியில் வருகிறது. மாநில அரசும் புத்தொழில் இயக்கத்தின் மூலம் டான்சீட் என்ற பெயரில் விதை நிதி கொடுக்கிறது. பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். விதைக்குக் கொடுத்த நெல்லை அன்றிரவே உலையில் போட முடியாது.

ஏமாறாமல் இருக்க

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போகக்கூடாது. 1996-ல் மூலிகையைக் கொதிக்க வைத்துப் பெட்ரோல் எடுப்பதாக ஒரு செய்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது நினைவிருக்கும். டெல்லி வரைக்கும் போய்ச் செய்து காட்டினார்கள். விஞ்ஞானிகள் நெருங்கிப் பரிசோதித்தபோது அது நிற்கவில்லை. அதைவிடச் சமீபத்தில், மாதம் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று வட்டி தருவதாகச் சொன்ன நிறுவனங்களில் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டுவிட்டு நின்றதையும் கண்டோம். அடுத்தமுறை வருகிறவர் நகைச்சீட்டு என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். ஆராய்ச்சி, காப்புரிமை, ஸ்டார்ட்அப் என்று சொல்லிக்கொண்டு வருவார்.

மாதா மாதம் இவ்வளவு என்று உறுதி கூறுகிறவரிடம் ஆராய்ச்சி இல்லை. உண்மையான புது முயற்சியில் பணம் போட்டவருக்குக் கிடைப்பது பங்கு அல்லது விற்பனையில் ஒரு வீதம், வட்டி அல்ல. அரசு அனுமதிக்காத வைப்புத் திட்டத்தில் பணம் திரட்டுவதே 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு முன்பே 1997-ல் நம் மாநிலம் வைப்பீட்டாளரைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, ஆனால் போன பணம் திரும்புவதற்குள் தலை நரைத்துவிடுகிறது.

காப்புரிமை இருக்கிறது என்று சொன்னால் எண்ணைக் கேளுங்கள். விண்ணப்பித்திருப்பது வேறு, வழங்கப்பட்டிருப்பது வேறு. விண்ணப்பம் யார் வேண்டுமானாலும் போடலாம். காப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டில் எண்ணைப் போட்டுப் பார்க்கக் காசு கிடையாது, பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வழங்கப்பட்ட காப்புரிமையும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான் செல்லும். பதினேழாம் வருடத்தில் வந்து விலை பேசுகிறவரிடம் மிச்சம் மூன்று வருடத்துக்குத்தான் சரக்கு இருக்கிறது.

உரிமத்தைப் பொறுத்தவரை இரண்டு விதம் உண்டு. ஒருவருக்கு மட்டும் கொடுப்பது ஒன்று, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பது மற்றொன்று. அரசு ஆய்வுக்கூடங்கள் உணவுப் பொருள்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வகையில் கொடுக்கின்றன, கட்டணமும் அதனால் குறைவு. குறைவு என்று மகிழ்வதற்கு முன் அடுத்த தெருக்காரரும் அதே கட்டணம் கட்டி அதே மாவை விற்கலாம் என்பதை யோசிக்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, விற்பனையில் நூற்றுக்கு எவ்வளவு, எத்தனை வருடம், முறை சரியாக வராவிட்டால் விஞ்ஞானி நேரில் வந்து சரி செய்து தருவாரா என்பதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஒரு பக்கம் எழுதிய செய்முறையை வைத்துக்கொண்டு சாம்பார் செய்ய முடியாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள்.

ஜவ்வாது மலைச் சாமை

இனி நம் வாசலுக்கே வருவோம். ஜவ்வாது மலையிலிருந்து சாமை போளூர் வழியாகத்தான் இறங்குகிறது. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. 2019-ல் அந்த மையம் தந்த சாமை ரகத்துக்கு அந்த ஊரின் பெயரையே சுருக்கி ஏ.டி.எல். 1 என்று வைத்திருக்கிறார்கள். உலகம் 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. விதை இருக்கிறது, விஞ்ஞானி பஸ்ஸில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறார், பயிரும் விளைகிறது. இவ்வளவு இருந்தும் மலைச் சாமையில் ஒரு பகுதி தோலோடு வெளியூர் ஆலைக்குப் போய், அரிசியாகி, வழவழப்பான பையில் நம் கடைக்கே திரும்பி வருகிறது. போன விலைக்கும் வந்த விலைக்கும் நடுவில் உள்ளது லாரி வாடகை மட்டுமல்ல.

இதில் தொழில்நுட்பச் சிக்கல் உண்மையாகவே உண்டு. சாமை மணி மிகச் சிறியது, ஒரே அளவில் இராது. தோல் நீக்கும் இயந்திரத்தில் பாதி நீங்கும், பாதி நீங்காது, நீங்கியதில் பாதி உடையும். அந்த அளவிலேயே கல்லும் இருக்கும். தோல் நீக்கிய பிறகு தவிட்டில் உள்ள எண்ணெய் கெட்டுக் கசப்பு ஏறுவதால் அரிசி நெடுநாள் நிற்பதில்லை (எங்கள் தவிட்டுக் கதையில் வந்த அதே தொல்லைதான்). பளபளவென்று தீட்டிவிட்டால் நிற்கும், ஆனால் எதற்காகச் சிறுதானியம் வாங்குகிறார்களோ அந்தச் சத்து தவிட்டோடு போய்விடும். இவற்றுக்கெல்லாம் அத்தியந்தலிலும் கோயம்புத்தூரிலும் தஞ்சாவூரிலும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், இயந்திரங்களும் வந்திருக்கின்றன.

விஞ்ஞானிக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். எந்த வீட்டில் சாமை வாங்குகிறார்கள், ஒரு கிலோ பையா அரைக் கிலோவா, கல் கடித்தால் மறுபடி வருவார்களா, எத்தனை நாளில் அலமாரியிலிருந்து நகரவில்லை என்றால் பூச்சி விழும், சர்க்கரை வியாதிக்காரர் என்ன கேட்கிறார். ஓர் ஆராய்ச்சி நிலையம் இவற்றை அறிந்துகொள்ளக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். நாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே அறிகிறோம். இது பணத்துக்குச் சமமான முதலீடு. பேரம் பேசும்போது நாம்தான் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

நாங்களும் நாலைந்து கடைக்கார நண்பர்களும் பேசி வைத்திருப்பது இதுதான். முதலில் இயந்திரம் வாங்குவதில்லை. மலையிலிருந்து பத்து மூட்டைச் சாமை வாங்கி, வாடகை இயந்திரத்தில் மூன்று விதமாகத் தீட்டி, தேதி எழுதிய அரைக் கிலோப் பைகளில் போட்டுப் பத்துக் கடைகளில் வைப்பது. சித்திரை வெயிலில் ஒருமுறையும் ஐப்பசி மழையில் ஒருமுறையும் வைத்துப் பார்ப்பது. ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் ஒரு பையை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது, இந்தத் தடவை முகர்ந்து பார்ப்பதில்லை. எந்தப் பை விற்றது, எது திரும்பியது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவது. ஒரு வருடம் ஆகும், ஆளுக்குச் சில ஆயிரம் செலவாகும், அது திரும்பி வராமலும் போகலாம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான் விஞ்ஞானியிடமும் வங்கியிடமும் போவது என்று முடிவு. உணவு பதப்படுத்தும் சிறு தொழில்களுக்கு நூற்றுக்கு 35 வீதம், பத்து லட்சம் வரை மானியம் என்று 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்தது போன்ற திட்டங்களில் அப்போது எது நடப்பில் இருக்கிறதோ அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

அத்தியந்தலுக்கு மலையில் சாமை அறுவடை தொடங்குவதற்கு முன் ஒருநாள் போய்வருவதாக இருக்கிறோம். வர விரும்பும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், எத்தனை பேர் என்று பார்த்து வேனா பஸ்ஸா என்று முடிவு செய்யலாம். கடையில் சாமை விற்பவர்கள், கடைசியாக வாங்கிய பையில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வரவும்.